கொத்தணுமா, மூடணுமா? காய்கறிப் பாத்தி மண்ணைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

பெங்களூரில் வீட்டு வாசலிலோ காம்பவுண்டு ஓரத்திலோ கொஞ்சம் மண் வைத்துக் காய்கறி போடுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். இரண்டு கட்சி இருப்பது தெரியும். ஒரு கட்சி, "நல்லா ஆழமாக் கொத்திவிடுங்க, மண்ணு பொலபொலன்னு இருந்தாத்தான் செடி வரும்" என்கிறது. 'அகல உழுவதை விட ஆழ உழு' என்ற பழமொழியும் அவர்கள் கையில் இருக்கிறது. இன்னொரு கட்சி, "மண்ணைத் தொடவே கூடாது, மேலே சருகு போட்டு மூடிட்டாப் போதும், மீதியை மண்புழு பார்த்துக்கும்" என்கிறது.

இரண்டு கட்சியும் தங்கள் தோட்டத்தில் கண்ணால் கண்டதைத்தான் சொல்கின்றன. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் இரண்டையும் கேட்டுக்கொண்டு, மண்ணைக் கொத்தி, மூட்டை மூட்டையாகச் சருகு கொண்டுவந்து, அதை அந்த மண்ணோடு நன்றாகக் கலந்தும் விடுகிறார். மூன்று வாரத்தில் தக்காளிச் செடி மஞ்சளாகிறது. "நம்ம மண்ணே சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார். ராமமூர்த்தி நகரில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் பாத்தி சிமெண்டுத் தரையானதைப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் மண்மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் ஒரு சொல். 'கொத்துவது' என்று நாம் மூன்று வேறு வேலைகளைச் சொல்கிறோம். களைக்கொத்தியால் மேலாக ஓர் அங்குலம் சுரண்டுவதும் கொத்துவதுதான். மண்வெட்டியால் அரை அடி வெட்டிப் புரட்டுவதும் கொத்துவதுதான். கடப்பாரையால் ஓர் அடி ஆழத்தில் இறுகிக் கிடப்பதை நெம்பி உடைப்பதும் கொத்துவதுதான். மண்ணுக்குள் நடப்பது மூன்றிலும் ஒன்றல்ல. அது புரிய, முதலில் மண் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

## இட்லியும் பொரி உருண்டையும்

நன்றாகப் பொங்கிய மாவில் வார்த்த இட்லி ஒன்றை எடுங்கள். அதன்மேல் சாம்பார் ஊற்றினால் உள்ளே இறங்கிவிடும். அதே இட்லியைக் கையில் வைத்து இறுக்கிப் பிசைந்து உருட்டிவிட்டு ஊற்றினால், சாம்பார் வழிந்து தட்டுக்குப் போகும். மாவு அதேதான், எடையும் அதேதான். போனது உள்ளே இருந்த ஓட்டைகள்.

மண்ணும் அப்படித்தான். நல்ல தோட்ட மண்ணில் ஏறத்தாழப் பாதி இடம்தான் கெட்டிப் பொருள். மீதிப் பாதி காலி இடம். துகள்களுக்கு நடுவே இருக்கும் இந்தக் காலி இடங்களுக்கு நுண்துளை என்று பெயர். பெரிய துளைகளில் தண்ணீர் நிற்காது, இறங்கிவிடும். அங்கே காற்று இருக்கும். சின்னத் துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேருக்கு இரண்டும் வேண்டும், ஏனென்றால் வேரும் மூச்சு விடுகிறது. காற்றில்லாத மண்ணில் தண்ணீரும் உரமும் எவ்வளவு ஊற்றினாலும் வேர் வளராது.

சரி, இந்தத் துளைகள் எப்படி உண்டாகின்றன? இதற்குப் பொரி உருண்டையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தனித்தனிப் பொரியைப் பாகு ஒட்டவைக்கிறது. உருண்டைக்குள்ளே பொரிக்கும் பொரிக்கும் நடுவே சின்னச் சின்ன இடைவெளி. உருண்டைகளை டப்பாவில் அடுக்கினால் உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே பெரிய இடைவெளி. மண்ணிலும் மணல், வண்டல், களி என்ற துகள்கள் ஒட்டிச் சேர்ந்து கடுகிலிருந்து கொண்டைக்கடலை வரை பல அளவில் உருண்டைகளாகின்றன. இந்த உருண்டைக்கு மண் திரள் என்று பெயர். திரளுக்குள் சின்னத் துளை, அதில் தண்ணீர். திரள்களுக்கு இடையே பெரிய துளை, அதில் காற்று. இந்த முழு அடுக்குமுறைதான் மண் கட்டமைப்பு.

பாகு யார் காய்ச்சுகிறார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. வேர் விடும் பிசுபிசுப்பு, நுண்ணுயிர்கள் சுரக்கும் கோந்து, மண்புழுவின் வழவழப்பு, நூல் மாதிரி ஓடித் துகள்களைக் கட்டிப்போடும் பூஞ்சை இழைகள், இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பாகு. இது நிரந்தரமில்லை. கொஞ்ச நாளில் சிதைந்துபோகும், திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டும். காய்ச்சுகிற உயிர்களுக்குச் சாப்பாடு வேண்டும். அவற்றின் சாப்பாடு கரிமப் பொருள், அதாவது ஒருகாலத்தில் உயிரோடு இருந்து பிறகு மண்ணில் சேர்ந்து மட்கும் இலை, வேர், சாணம் எல்லாம்.

இதுவரை பார்த்தது: மண்ணில் செடிக்குத் தேவையானது துளைகள். துளைகளைத் தருவது மண் திரள். திரளை ஒட்டவைப்பது உயிர்கள் சுரக்கும் பாகு. அந்த உயிர்கள் சாப்பிடுவது கரிமப் பொருள்.

## நம்ம ஊர்ச் செம்மண்

லால்பாக்கில் கோபுரம் நிற்கும் அந்தப் பாறைமேல் ஏறியிருப்பீர்கள். அது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழைய பாறை. பெங்களூரின் செம்மண் அந்த மாதிரிப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் காலங்காலமாகச் சிதைந்து வந்தது. சிவப்பு நிறம் இரும்பினால் வந்தது. ஆணி துருப்பிடித்தால் வரும் அதே நிறம்.

இந்த மண்ணில் விளையாத காய்கறி இல்லை. ஆனால் இதற்கு இரண்டு குணம் உண்டு. ஈரத்தில் காலில் ஒட்டும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். இன்னொன்று, இதில் இயல்பாகவே கரிமப் பொருள் குறைவு. மண் பரிசோதனை அறிக்கையில் கரிமக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று போடுவார்கள். நம் பக்கத்துச் செம்மண் பல இடங்களில் அந்த வரிசையில்தான் வரும். பொரி நிறைய, பாகு கொஞ்சம்.

இதற்கு மேல் வீடு கட்டிய கதை வேறு. 30க்கு 40 அடி சைட்டில் வீடு எழும்பும்போது ஜே.சி.பி. ஏறி இறங்கும், மணல் லாரி நிற்கும், கான்கிரீட் கலவை கொட்டும். வேலை முடிந்ததும் மீதமான ஜல்லி, செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி எல்லாவற்றையும் காம்பவுண்டு ஓரம் தள்ளி, மேலே ஒரு லோடு செம்மண் பரப்பிவிடுவார்கள். நாம் 'தோட்டம்' என்று நினைத்துக் கத்தரி நடுவது இதில்தான்.

## கொத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது

கொத்துவதால் நன்மை இல்லை என்று சொல்லவே மாட்டேன். மண்வெட்டி இறங்கிய அந்த நிமிஷமே இறுகிய மண்ணில் பெரிய இடைவெளிகள் உண்டாகின்றன. காற்று புகுகிறது. விதைத்தவுடன் செடி பச்சென்று கிளம்புகிறது. ஆழக் கொத்தும் கட்சி பார்ப்பது இதைத்தான்.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? திரள்கள் உடைந்ததும் அவற்றுக்குள் பத்திரமாக ஒளிந்திருந்த கரிமப் பொருள் வெளியே வருகிறது. கூடவே காற்றும் நிறைய. நுண்ணுயிர்களுக்கு ஒரே நாளில் கல்யாண விருந்து. அவை வேகவேகமாகத் தின்று தீர்க்க, அதில் அடங்கியிருந்த சத்து செடிக்கு விடுபடுகிறது. கார்பன் கரியமில வாயுவாகக் காற்றில் போகிறது. வங்கியில் போட்ட வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்னே உடைத்துச் செலவு செய்வது மாதிரிதான் இது. கையில் பணம் புரளும். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை உடைத்தால், திரும்ப யாரும் போடாவிட்டால், கணக்கு காலி.

அடுத்து மழை வருகிறது. ஃபில்டரில் காபி போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். பொடியை ரொம்ப நைஸாக அரைத்துவிட்டால் டிகாக்‌ஷன் இறங்காது. வெந்நீர் மேலேயே நிற்கும். திரள் உடைந்து மாவான மண்ணும் அப்படித்தான். பெரிய மழைத்துளி ஒன்று மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. அடி விழுந்த இடத்தில் நைஸ் துகள் சிதறி, பக்கத்துத் துளைகளை அடைத்துக்கொள்கிறது. மறுநாள் வெயிலில் அது ஒரு மெல்லிய ஓடாகக் காய்கிறது. நம் செம்மண் இந்த விஷயத்தில் ரொம்ப மோசம். ஓட்டுக்குக் கீழே முளைத்த கீரை விதை வெளியே வர முடியாமல் மடங்கிக் கிடப்பதை நகத்தால் அந்த ஓட்டுப் படலத்தைப் பெயர்த்துப் பார்த்தால் தெரியும். பொலபொலவென்று இருக்கட்டும் என்று மாவாகக் கொத்திய மண், ஒரே மழையில் கொத்தாத மண்ணைவிடக் கெட்டியாகும் காரணம் இதுதான்.

மண்புழு போட்ட வழிகளும் பூஞ்சை இழைகளும் அறுபடுவது இன்னொரு நஷ்டம். ஆழத்தில் தூங்கிக்கொண்டிருந்த களை விதைகள் வெளிச்சத்துக்கு வந்து முளைப்பதும் கொத்துவதோடு சேர்ந்தே வருவதுதான்.

இதில் நானே பட்ட அனுபவம் ஒன்று உண்டு. ஒரு மே மாதம், இரண்டு நாள் நல்ல கோடைமழை. மண் இளகியிருக்கிறதே, கொத்த எளிதாக இருக்குமே என்று மறுநாள் காலையிலேயே மண்வெட்டியோடு இறங்கிவிட்டேன். ஒவ்வொரு வெட்டிலும் மண் பாளம் பாளமாகப் பளபளவென்று வந்தது. வெட்டிய பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. அந்த மினுமினுப்புதான் ஆபத்தின் அடையாளம் என்று அப்போது தெரியாது. ஈரக் களியை இரும்பு அழுத்தித் தேய்த்தால் துளைகள் எல்லாம் பூசி மூடிக்கொள்ளும். ஒரு வாரம் வெயில் அடித்ததும் பாத்தி முழுக்கச் செங்கல். சுத்தியல் வைத்து உடைக்க வேண்டியிருந்தது. அந்தப் பாத்தி தேற இரண்டு பருவம் ஆனது.

அம்மா ஊரிலிருந்து வந்தபோது பார்த்துவிட்டு, "புட்டு மாவுப் பதம் வரவேண்டாமாடா?" என்றார். அந்த ஒரு வரி போதும். கைப்பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். கொழுக்கட்டை மாதிரி வழவழவென்று நின்று, குத்தினாலும் உடையாவிட்டால் ஈரம் அதிகம். அன்றைக்குப் பாத்திப் பக்கமே போகவேண்டாம். பிடிபடாமல் புழுதியாக உதிர்ந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது. தண்ணீர் விட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பிடித்தால் நின்று, விரலால் தொட்டால் உதிர்ந்தால் அதுதான் பதம்.

சுருக்கமாக: கொத்துவது உடனடி இடைவெளியைத் தருகிறது, கூடவே திரளையும் பாகையும் செலவழிக்கிறது. திரும்பப் போடும் கரிமப் பொருள் இல்லாமல் கொத்திக்கொண்டே இருந்தால் மண் ஒவ்வொரு ஆண்டும் இன்னும் இறுகும், நாமும் இன்னும் ஆழமாகக் கொத்துவோம்.

## அப்படியானால் எப்போது கொத்தத்தான் வேண்டும்?

மண்ணைத் தொடவே கூடாது என்கிற கட்சியோடு நான் வேறுபடுவது இங்கேதான். கான்கிரீட் கொட்டி, லாரி ஏறி இறுகிய சைட் மண்ணில் சருகைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். மண்புழு வருவதற்கே அங்கே வழி இல்லை. அந்த மண்ணுக்கு முதல் தடவை உடைப்பு அவசியம்.

உங்கள் மண்ணுக்கு வேண்டுமா என்று தெரிய, பழைய சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்று போதும். தண்ணீர் விட்டு ஒருநாள் கழித்து, பாத்தியில் நாலைந்து இடத்தில் கம்பியைக் கையால் அழுத்துங்கள். கையில் பிடிக்கும் அளவு தவிர மீதிக் கம்பி சுமாரான அழுத்தத்தில் இறங்கினால் கடப்பாரை வேண்டாம். மூன்று நான்கு அங்குலத்தில் எல்லா இடத்திலும் முட்டி வளைந்தால் வேண்டும்.

செய்யும் விதம் இப்படி. மேலே உள்ள அரை அடி மண்ணை வெட்டி ஒரு பக்கம் சாக்கின்மேல் குவியுங்கள். கீழே இறுகிய பகுதியில் கடப்பாரையைக் குத்தி நெம்பி, விரிசல் மட்டும் விடுங்கள், புரட்ட வேண்டாம். ஜல்லி, சிமெண்டுக் கட்டி தட்டுப்பட்டால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். சிமெண்டில் சுண்ணாம்புத் தன்மை இருப்பதால் அது கிடக்கும் இடத்தில் செடிக்குச் சில சத்துகள் எட்டாது, இளம் இலை வெளுக்கும். அப்புறம் மேல்மண்ணைத் திரும்பப் போட்டு, மட்கிய தொழுஉரமோ மண்புழு உரமோ இரண்டு அங்குலம் பரப்பி, மேல் நான்கைந்து அங்குலத்தோடு லேசாகக் கலந்துவிடுங்கள். கீழ்மண் மேலே வரக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. மேல்மண்ணில்தான் உயிர்கள் இருக்கின்றன. அவற்றைக் கீழே புதைத்து, உயிரில்லாத மண்ணை மேலே கொண்டுவந்தால் முதல் ஆண்டு வீணாகும்.

பாத்தியின் அகலம் நான்கு அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை நடுவுக்கு எட்ட வேண்டும். ஏனென்றால் இனிமேல் அதில் யாரும் கால் வைக்கக்கூடாது. ஒரு பெரியவர் ஈரப் பாத்தியில் நாலு நடை நடந்தால் அரைநாள் கடப்பாரை வேலை அங்கே போச்சு.

இந்த உடைப்பு ஒரு தடவைதான். அதற்குப் பிறகு கேரட், முள்ளங்கி மாதிரிக் கிழங்கு போடும் வரிசையில் மட்டும் கொஞ்சம் இளக்கிக் கொடுக்கலாம். தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை எதற்கும் குழி தோண்டும் அளவு போதும்.

அந்தப் பழமொழி பொய்யா என்று கேட்கலாம். இல்லை. மழையை நம்பிய நிலத்தில், வந்த தண்ணீரை உள்ளே இறக்க அகலத்தைவிட ஆழம் முக்கியம் என்பது சரியான அறிவு. ஆனால் அந்த உழவு மரக் கலப்பை உழவு. அது மண்ணைக் கீறிச் செல்லும், தலைகீழாகப் புரட்டாது. இறங்குவதும் சில அங்குலம்தான். அதே நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டார்கள், சாணம் கொட்டினார்கள். செலவழித்ததைத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நாம் பழமொழியில் 'ஆழ உழு'வை மட்டும் எடுத்துக்கொண்டோம், கிடையை விட்டுவிட்டோம்.

## மூடாக்கு: மண்ணின் கூரை

மண்ணின் மேற்பரப்பைச் சருகு, வைக்கோல் போன்ற மட்கக்கூடிய பொருளால் மூடி வைப்பதற்குப் பெயர் மூடாக்கு. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பேசித் தமிழ்நாட்டில் பரவிய சொல். இங்கே கன்னடத்தில் 'ஹொதிகெ' என்பார்கள், போர்வை என்று பொருள். இரண்டுமே சரியான இடத்தைக் காட்டும் சொற்கள்: போர்வை உடம்பின்மேல் கிடப்பது. மூடாக்கும் மண்ணின்மேல்தான் கிடக்க வேண்டும், உள்ளே போகக்கூடாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

மழைத்துளியின் அடியைச் சருகு வாங்கிக்கொள்கிறது, தண்ணீர் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு இறங்குகிறது, ஓடு பிடிப்பதில்லை. இது முதல் பலன். வெளிச்சம் படாததால் களை குறைவது இரண்டாவது. தண்ணீர் மிச்சமாவதுதான் பெங்களூரில் எல்லோரும் கவனிக்க வேண்டியது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விளக்குத் திரியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே எண்ணெய், மேலே சுடர். சுடர் எரிய எரிய எண்ணெய் திரி வழியே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மண்ணில் சின்னத் துளைகள்தான் திரி. மேலே வெயிலும் காற்றும்தான் சுடர். மேல்மண் காயக் காயக் கீழே இருக்கும் ஈரம் ஏறி வந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூடாக்கு போட்டால் சுடரையே அணைத்த மாதிரி. மண்ணின்மேல் வெயிலும் படாது, காற்றும் வீசாது. திரி இருந்தும் எண்ணெய் ஏறாது.

அந்தக் காலத்தில் ஊரில் பாட்டி களைக்கொத்தியால் மேலாகச் சுரண்டிவிடுவாரே, அதன் ரகசியமும் இதுதான். மேலே ஓர் அங்குலம் மட்டும் உடைத்துப் புழுதியாக்கினால் திரியின் நுனி அறுந்துவிடும். கீழே ஈரம் தங்கும். சருகு கிடைக்காத மானாவாரிக் காட்டில் அந்தப் புழுதியே ஒரு மூடாக்கு. அது ஆழக் கொத்துவது அல்ல. பாட்டி செய்ததைச் சொல்லி மண்வெட்டியை அரை அடி இறக்குவது நியாயமில்லை.

2024 மார்ச்சில் பெங்களூர் பட்ட தண்ணீர்க் கஷ்டம் மறந்திருக்காது. போர்வெல் வற்றியது, டேங்கருக்காகக் காத்திருந்தோம், குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு வந்தது. காய்கறி கழுவிய தண்ணீரை மட்டும் வைத்துத்தான் அந்த இரண்டு மாதம் எங்கள் பாத்தியை ஓட்டினோம். மூடாக்கு போட்ட பக்கம் மூன்று நாளைக்கு ஒருமுறை ஊற்றினாலும் வெண்டை தாங்கியது. மூடாத ஓரத்தில் தினம் ஊற்றியும் மத்தியானம் தலை தொங்கியது.

நான்காவது பலன்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மூடாக்கு மண்ணில் வாழும் உயிர்களுக்குப் போடும் சோறு. அடிப்பக்கம் ஈரத்தில் மட்க மட்க, மண்புழு இரவில் மேலே வந்து சருகை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியே போய் வருகிறது என்று சார்லஸ் டார்வின் 1881இல் கணக்கிட்டு எழுதினார். நம் சின்னப் பாத்தியிலும் அந்த வேலை நடக்கும், உணவும் ஈரமும் இருந்தால். நாம் மண்வெட்டியால் செய்ய நினைத்த இடைவெளியை அவை பாகும் பூசிக் கட்டித் தருகின்றன. அதனால் மழைக்கு அது சரிவதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை செய்யுங்கள், பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். மூடாக்கு போட்டு ஓர் ஆண்டான இடத்திலிருந்து நெல்லிக்காய் அளவு மண்கட்டி ஒன்று, அடிக்கடி கொத்தும் வெற்று மண்ணிலிருந்து அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். வெற்று மண் கட்டியிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வரும், ஓரம் சரியும், சில நிமிஷத்தில் கரைந்து அடியில் சேறாக உட்காரும், தண்ணீர் சிவக்கும். மற்றது பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும், மேலே இருக்கும் தண்ணீர் தெளிவாக இருக்கும். பாகு இருக்கும் உருண்டைக்கும் பாகில்லாத உருண்டைக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு டம்ளரில் தெரிந்துவிடும்.

## சருகு சத்தை உறிஞ்சிவிடுமா?

முதலில் சொன்ன மஞ்சள் தக்காளிக்கு இப்போது வருவோம்.

சருகு நுண்ணுயிர்களுக்கு வெறும் சோறு. நிறையக் கார்பன், கொஞ்சம் தழைச்சத்து. தழைச்சத்து என்பது நைட்ரஜன்; இலைக்குப் பச்சை தருவது, உயிர்கள் உடம்பு கட்டிக்கொள்ள அவசியமானது. சோற்றுக்குக் குழம்பு மாதிரி. ஏறத்தாழ 25 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தால் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு சரியாக இருக்கும். காய்ந்த சருகில் பெரும்பாலும் 40 முதல் 80 பங்கு கார்பனுக்கு ஒரு பங்குதான் இருக்கும். மரத்தூளில் கார்பன் சில நூறு பங்கு. குழம்பு போதாதபோது நுண்ணுயிர் என்ன செய்யும்? மண்ணில் கரைந்து கிடக்கும், செடிக்கு என்று இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். செடி மஞ்சளாகும். சில வாரமோ சில மாதமோ கழித்து அந்த உயிர்கள் மடிந்து மட்கும்போது சத்து திரும்பி வரும், ஆனால் அதற்குள் உங்கள் தக்காளிப் பருவம் முடிந்துவிடும்.

ஆக, "சருகு சத்தை உறிஞ்சும்" என்பது உண்மைதான், சருகு மண்ணுக்குள் கலந்திருந்தால். அப்போது ஒவ்வொரு சருகுத் துண்டைச் சுற்றியும், வேர் இருக்கும் ஆழம் முழுவதும் இந்தப் போட்டி நடக்கும். மேலே கிடந்தால், சருகும் மண்ணும் தொடும் அந்த மெல்லிய பரப்பில் மட்டும் நடக்கும். வேர் அதற்குக் கீழே இருக்கிறது, அதற்குப் பாதிப்பில்லை. அந்த மெல்லிய பரப்பில் தழைச்சத்து குறைவது அங்கே முளைக்கப் பார்க்கும் களைக்குத்தான் நஷ்டம்.

உள்ளே கலக்க ஆசையிருந்தால் மட்கி முடிந்த உரத்தைக் கலக்கலாம். அது கறுத்து, இலை எது காம்பு எது என்று தெரியாமல், மழை பெய்த மண் மாதிரி மணக்கும். மட்காதது மேலே, மட்கியது உள்ளே. ஏற்கெனவே சருகைக் கலந்துவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். ஊறவைத்த கடலைப்பிண்ணாக்குக் கரைசலோ நீர்த்த கோமியமோ பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்றி, குழம்பைக் கூட்டிக் கொடுங்கள். தேறிவிடும்.

## எதைப் போடலாம், எவ்வளவு போடலாம்

பெங்களூரில் மூடாக்குக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் தெருவெல்லாம் சருகு. தூங்குமூஞ்சி மரம், மயில்கொன்றை இவற்றின் இலை பொடிப்பொடியாக இருப்பதால் செடிக்கு நடுவே தூவ வசதி, சீக்கிரம் மட்கும். புங்கன் இலையில் சத்து அதிகம். மா, அரசு மாதிரி அகல இலைகள் நனைந்தால் அப்பளம் அடுக்கிய மாதிரி ஒட்டிக்கொண்டு தண்ணீரை இறங்கவிடாது. காலால் மிதித்து நொறுக்கி, மற்றதோடு கலந்து போடுங்கள். எங்கள் தெருவைப் பெருக்கும் அம்மாவிடம், "அக்கா, சருகை மட்டும் தனியா மூட்டை கட்டி வைங்க, நான் வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக், காகிதம் எதுவும் இல்லாமல் வாரம் இரண்டு மூட்டை வாசலுக்கே வந்துவிடுகிறது. சருகுக் குவியல் மூலையில் புகைவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாத்தியே எரிவது போல இருக்கும்.

கரும்புச்சாறு கடையில் சக்கை கிடைக்கும். இரண்டு மூன்று நாள் காயவைத்துப் போடுங்கள், ஈரமாகப் போட்டால் எறும்பு மொய்க்கும். ஹொஸ்கோட்டே, தேவனஹள்ளி பக்கம் சொந்தபந்தம் இருந்தால் ராகித்தாள் கேட்டு வாங்கலாம். ஆயுதபூஜைக்கு மறுநாள் கடைவாசல்களில் கழற்றிப் போட்ட வாழைக்கன்றுகள் குவிந்து கிடக்கும். அதைச் சீவித் துண்டு போட்டுப் பரப்பினால் பாத்திக்கு ஈரமும் சேரும். வேண்டாதவையும் உண்டு: பூத்த பார்த்தீனியம், நோய் வந்த தக்காளிச் செடி, மருந்து அடித்த புல். நீலகிரித் தைல மரத்தின் இலையைத் தனியாக நீண்ட நாள் மட்கவைத்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

கனம் இரண்டிலிருந்து நான்கு அங்குலம். 10 அடிக்கு 4 அடி பாத்திக்கு மூன்று அங்குலம் என்றால் 10 கன அடி, அதாவது பெரிய அரிசிச் சாக்கில் நான்கைந்து மூட்டை. பார்க்க அதிகமாகத் தெரியும். ஒரு மாதத்தில் அது பாதிக்கும் கீழே அமுங்கிவிடும், மேலே மேலே போட்டுக்கொண்டே வாருங்கள். தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் இடம் விடுங்கள். சருகு தண்டை ஒட்டிக் கிடந்தால் அங்கே அழுகும். 'மூடாக்கு போட்டால் செடி அழுகும்' என்று பேச்சு வரக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டு அங்குலம்தான்.

கீரை, கேரட் மாதிரிப் பொடி விதை தூவிய இடத்தில் முளைத்து மூன்று அங்குலம் வளரும்வரை மூடாக்கு வேண்டாம். களை முளைக்கக்கூடாது என்று நாம் போடும் இருட்டு கீரைக்கும் இருட்டுதான்.

மழைக்காலத்தில், முக்கியமாகச் செப்டம்பர், அக்டோபரில், நத்தை சருகுக்கு அடியில் குடியேறும். ஆப்பிரிக்கப் பெரிய நத்தை பெங்களூரில் பல பகுதிகளில் இருக்கிறது. அந்த மாதங்களில் மூடாக்கை ஓர் அங்குலமாகக் குறைத்து, இருட்டிய பிறகு டார்ச் அடித்துப் பொறுக்கி எடுப்பதுதான் வழி, வெறுங்கையால் தொடாதீர்கள். கரையான் காய்ந்த குச்சியைத் தேடித்தான் வரும். வீட்டுச் சுவரை ஒட்டி ஓர் அடிக்குச் சருகு போடாமல் விடுங்கள், தடித்த குச்சிகளைத் தள்ளிவிடுங்கள், மூடாக்கை ஈரமாக வையுங்கள்.

## இரண்டாம் பருவம்

முதல் பருவம் காய்த்து ஓய்ந்ததும் செடியை வேரோடு பிடுங்க வேண்டாம். நோய் இல்லாவிட்டால் தண்டைத் தரையோடு அறுத்து, நறுக்கி அங்கேயே போடுங்கள். வேர் உள்ளேயே மட்கி, போன வழியெல்லாம் துளையாக நிற்கும்.

அடுத்த நாற்று நடும் நாளில் சருகை உள்ளங்கை அகலத்துக்கு விலக்குங்கள். மேலே காய்ந்த இலை, அதற்குக் கீழே கறுத்து ஒட்டிய இலை, அதற்கும் கீழே வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை நூல், புழு போட்ட பொடி உருண்டைகள், அப்புறம் மண். விரலை ஊன்றினால் இரண்டாவது கணு வரை தடையில்லாமல் போகும். நாற்றின் வேர் அளவுக்குக் கையாலேயே பள்ளம் பறித்து, ஒரு பிடி மட்கிய உரம் போட்டு நட்டு, தண்ணீர் ஊற்றி, தண்டுக்கு இரண்டு அங்குலம் விட்டுச் சருகைத் திரும்ப இழுத்து மூடுங்கள்.